கிருபா அக்கா வண்டியில் ஏறுவதில்லை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் கிருபா அக்கா. சர்க்கரை வந்ததும், தினமும் நடந்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அதற்கு நேரம் ஏது? அக்கா கம்பெனி வேனிலிருந்து மெயின்ரோட்டிலேயே இறங்கி வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் அது லேசான காரியமில்லை. தெரிந்தவர் நடந்துபோனால் வண்டியை நிறுத்தாமல் போவது இங்கே மரியாதைக் குறைவு. "வேணாண்ணா, நீங்க போங்க" என்று சொல்லிச் சொல்லியே அக்காவுக்கு வாய் வலித்தது. அவர் நடப்பதற்கு ஊரே ஒரு காரணமும் கண்டுபிடித்தது. வேலை போய்விட்டதாம், அதனால்தான் வீட்டுக்குக் கம்பெனி வேன் வருவதில்லையாம்.

அடுத்த தெருவில் இருக்கும் நானும் ஒரு சாயங்காலம் ஸ்கூட்டியை நிறுத்தினேன். "இன்னாக்கா, வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா? ஏறுங்க."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சர்க்கரையில எங்கம்மாவுக்குக் கால எடுத்தாங்க இல்ல, ஹேமா? அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச்சுக்குப் போக வாசல்லயே உக்காந்திருப்பாங்க. எந்த வண்டி நின்னுச்சு? நடக்கிறவளுக்கு மட்டும் நிறுத்துறீங்களே!"

நான் வண்டியை அணைத்து, தள்ளிக்கொண்டே அக்காவோடு நடந்தேன். தெருமுனை வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.