பலகை நிறைய எழுதிய பூஜ்யம்

இன்று போலிடெக்னிக் வகுப்பில், சிக்கலான ரெசிஸ்டர் சர்க்யூட் ஒன்றைச் சுருக்கி ஒரே ரெசிஸ்டராக்கச் சொல்லி லெக்சரர் என்னைப் பலகைக்கு அழைத்தார்.

தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று பலகை நிறைய எழுதினேன். நான் திரும்பும்போதெல்லாம் கவிதா சரி என்பதுபோல் தலையாட்டினாள். முதல் செமஸ்டரிலிருந்து என் லேப் கூட்டாளி அவள்.

முடித்ததும் லெக்சரர், சர்க்யூட்டின் இரு முனைகளையும் நேராக இணைத்திருந்த வெறும் ஒயரைக் காட்டினார். மின்னோட்டம் முழுவதும் அதிலேயே போய்விடும். மொத்த மின்தடை, அதாவது விடை, பூஜ்யம்.

வகுப்பே சிரித்தது. நான் எழுதிக்கொண்டிருந்தபோதே கவிதா அந்த விடையை வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறாள். என் போன் பையில் இருந்தது.

“எனக்கு ஏன் சொல்லல?”

“நீ அவ்ளோ அழகா போட்டுக்கிட்டு இருந்த லா. எப்படி நிறுத்துறது?”

இப்போது பொந்தியான் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்துக் கூப்பிடுகிறாள். இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். கால் வலிக்கிறது. அவள் பக்கத்தில் போய் உட்காரலாமா, சொல்லுங்கள்.