தங்கையின் வளவில் ஒரு தொழில்நுட்பப் பாடசாலை

எங்கள் ஊர்த் தொழில்நுட்பப் பாடசாலையின் தோற்றத்தையும் அமைப்பையும் எழுதி அனுப்பும்படி கொழும்புத் தலைமைக் கந்தோர் கேட்டது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் அந்தப் பாடசாலையில் கிளாக்கர், அதுவும் தற்காலிகம். முழுப் பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தால் அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெல் களஞ்சியம், தச்சு, இரும்பு, நெசவு என்று மூன்று பகுதிகள், பகுதிக்கொரு ஆசிரியர், மேலே ஒரு அதிபர், கீழே நான். மருதமுனையிலிருந்தும் சொறிக்கல்முனையிலிருந்தும் சைக்கிளில் வந்து படித்தார்கள். மழை பெய்தால் தச்சுப் பகுதியை நெசவுப் பகுதிக்குள் தள்ளிவிடுவோம். அமைப்பு என்றால் இவ்வளவுதான்.

படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. புதுக் கட்டடத்துக்கான காணி யாருடையது, உறுதிப் பத்திரத்தின் பிரதி எங்கே?

காணியைக் கொடுத்தவர் என் வாப்பா. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் எழுந்து, பாடசாலைக்குக் காணி தர யாரும் உண்டா என்று கேட்டார்கள். எல்லோரும் தரைப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா கையைத் தூக்கி, றோட்டோரத் தென்னை வளவைத் தருவதாகச் சொன்னார். அங்கேயே பாத்திஹா ஓதினார்கள். பாத்திஹா ஓதிய கொடையைத் திருப்பி எடுக்க எங்கள் ஊரில் எவருக்கும் முகம் இல்லை.

பிரதி எடுக்கப் பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். உறுதி என் தங்கையின் பெயரில் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். நாங்கள் இருந்த வீடு மூத்தவளான ராத்தாவுக்குப் போயிருந்தது. தென்னை வளவைத் தங்கைக்கு அவள் சிறுபிள்ளையாக இருந்தபோதே வாப்பா எழுதிவிட்டிருந்தார். எழுதிய பிறகும், கலியாணம் வரைக்கும் தேங்காய் பறிப்பது வாப்பாதானே! வருடக் கணக்கில் பறித்துப் பறித்து, அது இன்னும் தன்னுடையது என்றே நினைத்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவர்மேல் ஒழுங்காகக் கோபப்படவும் முடியவில்லை.

தங்கைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நிந்தவூரில் சம்பந்தம் பேசி முடித்து, வீட்டுக்கு அத்திவாரம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்; இடத்தை வாப்பா பார்த்துக்கொள்வார் என்று இருந்தோம். விஷயம் காதில் விழுந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

"வளவு இல்லாட்டி எங்கட மகன் எங்க வந்து இரிக்கிற?" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

காணியை எழுதிக்கொடுக்கும் தாளில் தங்கையின் கையெழுத்தை, அந்த ஒப்பத்தை, கேட்க எங்கள் வாப்பாவுக்குத் துணிவு இல்லை. என்னை அனுப்பினார். நான் போனேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: பாடசாலைக்குச் சொந்தக் காணி வந்தால் என் வேலை நிரந்தரமாகும் என்று அதிபர் சொல்லியிருந்தார். தாளை ஒரு கிழமை பிந்தியாவது கொண்டுபோயிருக்கலாம். அன்றைக்கே கொண்டுபோனேன்.

அவள் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுத் தாளை முழுதாக வாசித்தாள்.

"வாப்பா பள்ளியில சொன்னத நான் இல்லெண்டு சொல்லேலுமா காக்கா?" என்றாள். பிறகு, "எங்க ஒப்பம் வெக்கிற?"

நான் விரலால் இடத்தைக் காட்டினேன். உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு முன்னால் இன்னொரு தடவையும் வைத்தாள். சம்பந்தம் அந்த மாதமே முறிந்தது.

வளவில் தென்னைகளைத் தறித்து, அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்ததோடு வேலை நின்றது. அடுத்த வருடம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பாடசாலை வேறோர் ஊருக்கு மாற்றப்படுகிறது. காணி எதிர்காலத் தேவைக்காக அரசாங்கத்தின் வசம் இருக்கும். கிளாக்கர் நிரந்தரமாக்கப்படுகிறார், அவரும் பாடசாலையோடு போக வேண்டும். மூன்றையும் தங்கையிடம் சொன்னேன்.

"உங்கட வேல சரியாகிட்டு" என்றாள் முதலில். அதற்குப் பிறகுதான், "என்ட வளவத் திருப்பித் தருவாங்களா?"

"எழுதிக் கேக்கிறன்" என்றேன். தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அரசாங்கத்தின் சட்டதிட்டங்களைத் தினமும் புரட்டுகிறவன் நான். தெரிந்தும், அவள் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதி, அவளிடம் ஒப்பம் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பினேன்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போகும்போது, பதில் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்பேன். அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. வளவு இல்லாத பெண்ணை எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்?

மூன்றாம் வருடம் அந்த விண்ணப்பம் எங்கள் பாடசாலைக்கே வந்து சேர்ந்தது. உரிய பதிலை நீங்களே எழுதி அனுப்புங்கள் என்று கொழும்புக் கந்தோர் அதன் ஓரத்தில் குறித்திருந்தது. அதிபர் என் மேசையில் வைத்துவிட்டு, விண்ணப்பித்தவர் யார் என்று அறியாமல், "இண்டைக்கே அனுப்பிப்போடும்" என்றார். என் தங்கை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சட்டம் மாறாது.

காணியைத் திருப்பி வழங்க இயலாது என்பதை வருத்தத்துடன் அறியத் தருகிறோம் என்று எழுதினேன். அதிபர் ஒப்பமிட்டார். உறையில் தங்கையின் பெயரை எழுதித் தபாலில் போட்டேன். என் எழுத்து அவளுக்குத் தெரியும்.