சமாதானத்துக்கு ஒரு பெண்

வளைகுடா நாட்டில், கராமா பகுதியில் கூட்டாக அத்தர் கடை நடத்திய ராஜிக், கலீல் ரஹ்மான் இருவரும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஓடிவிட்டது. ராஜிக், மெஹர்பானுவின் கணவர். கலீல், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்; காக்கா என்றுதான் கூப்பிடுவாள். கடைப் பையன் ஒருவனைக் கலீலிடம் கேட்காமலே ராஜிக் வேலையை விட்டு அனுப்பியதில் ஆரம்பித்த மனத்தாங்கல், பெருநாளைக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத அளவுக்கு முற்றிப்போயிற்று.

சொந்த ஊரான கீழக்கரையின் பெரியவர்கள் நாலு பேர் கூடி ஒரு வழி சொன்னார்கள். கலீலின் மகன் ஈசாவுக்கு ராஜிக்கின் மகள் ஷஹீராவைக் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும், மாமன் மகன்தானே! ஆண்கள் இருவரும் தலையாட்டினார்கள். மெஹர்பானுவுக்கும் சந்தோஷம்தான். காக்கா வீட்டு வாசலை மறுபடி மிதிக்கலாமே.

அவள் ஒரு இந்தியப் பள்ளியில் வரலாற்று டீச்சர். அந்த வாரம் அலெக்சாந்தருக்குப் பின் வந்த ராஜாக்களின் சண்டைகளை நடத்திக்கொண்டிருந்தாள். எகிப்தின் தாலமியும் சிரியாவின் அந்தியோக்கஸும் சண்டையிட்டுக் களைத்து, கடைசியில் சமாதானம் பேசினார்கள். தாலமி தன் மகள் பெரனீஸை ஏகப்பட்ட சீரோடு அனுப்பினான். அவளுக்காக அந்தியோக்கஸ் முதல் மனைவி லாவோடிஸை ஒதுக்கிவைத்தான். ஆனால் தாலமி கண்ணை மூடியதும் அவன் லாவோடிஸிடமே திரும்பிப் போனான். கொஞ்ச நாளில் அவனும் செத்தான். விஷம் என்று பேசிக்கொண்டார்கள். பெரனீஸையும் அவள் கைக்குழந்தையையும் கொன்றுபோட்டார்கள். எகிப்திலிருந்து அண்ணன் படையோடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மறுபடியும் யுத்தம்.

"மிஸ், அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள் சங்கீதா என்ற மாணவி.

"அதை யாரும் எழுதி வைக்கலைம்மா" என்றாள் மெஹர்பானு. பாடத்தைத் தொடர்ந்தாலும் மனசு அதில் இல்லை.

சாயங்காலம் ஷஹீரா ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மெஹர்பானு கேட்டாள்.

"ஈசாவைக் கட்டிக்க உனக்கு இஷ்டமா?"

"இப்பத்தான் கேக்குறீங்களா உம்மா?"

"நிக்காஹ் அன்னைக்கு எப்படியும் சம்மதம் கேப்பாங்க. அதுக்கு முன்னாடி நான் கேக்குறேன்."

"அன்னைக்கு ஊரே உக்காந்திருக்கும். வேணாம்னு சொல்ல வாய் வருமா?" என்றாள் ஷஹீரா. "ஈசாவுக்கும் இஷ்டமில்லை. எங்களால திரும்பச் சண்டை வந்துடுமோன்னு ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருக்கோம்."

மெஹர்பானு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கணவரைக் கூட்டிக்கொண்டு காக்கா வீட்டுக்குப் போனாள். பிள்ளைகள் மனதில் இருந்ததை அப்படியே சொன்னாள்.

"அப்ப சமாதானம்?" என்றார் கலீல்.

"அது நீங்க ரெண்டு பேரும் செய்யவேண்டியது காக்கா. அதை ஏன் பிள்ளைங்க தலையில வைக்கிறீங்க?"

சுலைமானி டீ ஆறிக்கொண்டிருந்தது. ராஜிக்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பையனை அனுப்புறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் மச்சான்."

கலீல் ஆறிப்போன டீயைத் தள்ளிவைத்தார். பிறகு, "நானும் கஸ்டமருங்க முன்னாடி அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றார். உள்பக்கம் திரும்பி, பெரிய சஹன் தட்டை எடுத்து வைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள்.

கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. கூட்டு வியாபாரம் மட்டும் ஒட்டவில்லை. கலீல் பக்கத்து நாட்டுச் சலாலாவுக்குப் போய்ச் சாம்பிராணிக் கடை போட்டார். மச்சான்கள் இப்போதும் போனில் வாதாடுவார்கள். பக்கத்து அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும் மெஹர்பானு சமாதானம் பேச எழுந்து போவதில்லை.