குவைத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, இதைச் சபையில் எழுந்து நின்று சொல்ல என்னால் இன்னும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் துணுக்காய். நான் வயல் வேலை செய்கிறவன். கல்வீடு ஒன்று கட்டவேண்டும் என்று என் மனைவி ரெஜினா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. அபிஷா, ஒன்பது வயது. போன மாரியில் அவளுக்கு டெங்கு வந்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். உள்ளே இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது.

டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தாய் எங்க இருக்கிறா? வரச் சொல்லுங்கோ," என்றார். எனக்கு விளங்கிவிட்டது.

போனில் தேடிப் பார்த்தேன். குவைத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல், பறக்க ஐந்து மணித்தியாலம் என்று காட்டியது. அவ்வளவுதானே என்று மனம் கொஞ்சம் ஆறியது. உடனே ரெஜினாவுக்குப் போன் எடுத்தேன்.

"பாஸ்போட் வீட்டுக்காரியின்ர அலுமாரிக்குள்ள கிடக்குது. கேட்டுப் பாத்தனான். விடமாட்டன் எண்டிட்டா," என்று அழுதாள்.

பூட்டின அலுமாரியைத் தாண்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எந்தப் போனும் சொல்லாது. பிள்ளை கிடந்த வாட்டுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆண்டவரே, பிள்ளையைத் தாரும். அது உமக்குச் சித்தமில்லை என்றால், தாய் முகத்தையாவது காட்டும்," என்று மட்டும் கேட்டேன். அப்படிக் கேட்ட என் வாயை நானே வெறுத்தேன்.

அடுத்த நாள் காலை ரெஜினா போன் எடுத்தாள். விமான நிலையத்தில் நிற்கிறாளாம். வீட்டுக்காரியே பாஸ்போட்டைக் கையில் கொடுத்து, காரில் கொண்டுவந்து விட்டாளாம். ஏன் மனம் மாறினாள் என்று ரெஜினாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"அம்மா வாறா, பிளேனில வாறா," என்று பிள்ளையின் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆகாயத்தில் போன அளவு நேரம் கட்டுநாயக்காவிலிருந்து வவுனியாவுக்கும் போனது. மழை வேறு. ரெஜினா ஓடி வந்தபோது அபிஷா கண் திறந்தாள்.

"மெலிஞ்சு போனீங்கள் அம்மா," என்றாள்.

தாயின் கையைப் பிடித்தபடி நித்திரையானாள். மறுநாள் மத்தியானம் ஆண்டவர் அவளை எடுத்துக்கொண்டார்.

இதுவும் ஒரு சாட்சியா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல நாள் கேட்டேன். பைபிளைத் திறக்காமல் இருந்தேன். ரெஜினாதான் ஒரு நாள், "என்ர பிள்ளை என்னைப் பாக்காமல் போகேல்லை. அதுக்கு நான் அவருக்கு நன்றி சொல்லவேணும்," என்று என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். அவள் திரும்பக் குவைத்துக்குப் போகவில்லை. இப்போது இருவரும் சேர்ந்து ஜெபிக்கிறோம். சில நாட்களில் அழுகைதான் ஜெபம்.

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆனாலும் கேளுங்கள். சொல்ல வாய் கூசுவதையும் அவரிடம் கேளுங்கள். அவர் காது கொடுக்கிறார். எங்கள் பிள்ளை தனியே போகவில்லை.