வாசல்பிடியரின் உள்பேர்

"கல்லுறங்கிகளே, சாப்பாடு ஆறிப்போகுது, வந்து தொலைங்க" என்று மூன்றாவது மாடி பால்கனியில் நின்று, ஆளில்லாத வண்டி நிறுத்தத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறார் குலகுரு. காதைச் சாய்த்துக் கேட்டுக்கொள்கிறார். திருப்தியில்லை. அடுத்து, யாரிடமோ சண்டைக்குப் போகிறவர்போல, "போடா கல்லுறங்கிப் பயலே" என்கிறார். இது பரவாயில்லை. கடைசியில் கைப்பிடிக் கம்பிமேல் தலையை வைத்து, உயிர் போகப்போகிறவன் குரலில், "நான் ஒரு கல்லுறங்கி" என்று மூச்சுக்குள் சொல்லிப் பார்க்கிறார். எதிர்க் கட்டிடத்தில் துணி உலர்த்தும் அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவருக்கு இது பழகிவிட்டது.

குலகுரு என்பது அலுவலகத்து இளவட்டங்கள் வைத்த பட்டப்பெயர். அந்த அலுவலகம் கணினி விளையாட்டுகள் தயாரிக்கிறது. இல்லாத மலைகளை ஒருவர் வரைகிறார், இல்லாத வாள்களை இன்னொருவர் தீட்டுகிறார். அந்த மலைகளில் குடியிருந்து அந்த வாள்களால் வெட்டிக்கொள்ளும் இனங்களுக்கும் குலங்களுக்கும் பெயர் வைப்பது இவருடைய வேலை. அது மட்டும்தான் வேலை. மாமனார் வீட்டில் எத்தனையோ முறை விளக்கிப் பார்த்துவிட்டு, இப்போது "கம்ப்யூட்டர்ல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஆள் ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் பேனா மூடி ஒன்று இருக்கும், பேனா இருக்காது. மூடி கடிப்பதற்கு. நல்ல பெயர்கள் அவருக்குப் பல் துலக்கும்போதுதான் அகப்படுகின்றன. அதற்கு அவரிடம் காரணமும் உண்டு. "வாயில நுரையோட சொல்ல முடியாத பேர, ஒருத்தன் வாயில ரத்தத்தோட எப்படிங்க சொல்லுவான்?" என்பார், முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல். இதனால் அந்த வீட்டில் குளியலறைக் கண்ணாடியை மனைவி நாளுக்கு இரண்டு தடவை துடைக்க வேண்டியிருக்கிறது.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு பெயரோடு வந்து நிற்பார்கள். ரத்தக்கழுகுகள், இருள்நாகர், எலும்புமுடியர். குலகுரு யாரையும் கடிந்துகொள்வதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பார். "துணி துவைக்கிற அன்னைக்கும் அவங்க ரத்தக்கழுகுதானா தம்பி?" வந்தவர் பெயரை எடுத்துக்கொண்டு இடத்துக்குத் திரும்பிப் போவார். ஒருமுறை மேலிடத்திலிருந்தே 'ஆழிக்குன்றத்தார்' என்று ஒரு பெயர் இறங்கி வந்தது. அது வீட்டுமனை விற்கிறவர்கள் வைக்கிற பெயர், அதில் குலம் வாழாது, குழாய் இணைப்பு வேண்டுமானால் கிடைக்கும் என்று பணிவாக எழுதித் திருப்பி அனுப்பினார்.

அவர் தொழிலின் ரகசியம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. எந்தக் குலத்துக்கும் இரண்டு பெயர் வேண்டும் என்பார். தங்களுக்குள் சொல்லிக்கொள்வது உள்பேர். மற்றவர்கள் சொல்வது வெளிப்பேர். வெளிப்பேரை முதலில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அது எரிச்சலில் பிறப்பது, சுலபமாக வரும். இவர்களோடு ஒரே ஆற்றில் தண்ணீர் எடுக்கிறவனுக்கு இவர்களிடம் எது ஆகாது என்று கண்டுபிடித்தால் பெயர் வந்துவிடும். கல்லுறங்கிகள் என்று சொல்கிறவன், அவர்கள் எழுந்திருக்க நேரமாவதால் ஆற்றங்கரையில் காத்துக் கிடந்தவன். உள்பேர் அப்படியல்ல. அந்தக் கூட்டத்தில் ஒருத்தனாக ஒரு பொழுதாவது இருந்து பார்த்தால்தான் கிடைக்கும். விளையாட்டில் எவன் தோளையாவது தொட்டால் ஒரு சிறு பலகை எழும்பும். மேல் வரியில் வெளிப்பேர், கீழ் வரியில் உள்பேர். அந்தக் கீழ் வரிக்காகத்தான் இவ்வளவு பல் துலக்கலும்.

வெளிப்பேருக்கு மட்டும் அவர் எங்கும் அலைவதில்லை. கண்ணில் படுகிற மனிதர்களே போதும். மனைவியின் சொந்தக்காரர்கள் எந்த விசேஷத்துக்கும் பந்தி முடிந்த பிறகே வருவார்கள் என்பதால், பாலைவனத்தில் 'பிந்துவார்' என்றொரு குலம் ஒட்டகங்களோடு தாமதமாக நடந்துகொண்டிருக்கிறது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி இதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. "உங்க வகையறாவுக்கு ஒண்ணு வைங்களேன், எடுத்தத எடுத்த எடத்துல வைக்காதவங்கன்னு" என்று மட்டும் சொன்னார். அதுவும் அடுத்த பதிப்பில் வந்தது.

குலகுருவுக்கு நூற்றுக்கணக்கில் குலங்கள் உண்டு. சிநேகிதர் ஒருவர்தான். எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக். இவரைவிடப் பத்து வயது மூத்தவர், இவருக்கு அண்ணன், அவருக்கு இவர் தம்பி. வேலை முடிந்து வந்ததும் நேரே குலகுருவின் வாசலுக்கு வருவார். உள்ளே வர மாட்டார், உட்கார மாட்டார். கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "கிளம்பறேன் தம்பி" என்று ஆரம்பிப்பார். அதற்கப்புறம் உலக விஷயம் முழுக்கப் பேசிவிட்டு, "சரி கிளம்பறேன், இன்னொண்ணு சொல்லணும்" என்பார். அந்த இன்னொன்று முடிவதற்குள் குலகுருவின் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு கழுவி அடுக்கப்பட்டிருக்கும். குலகுரு ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. நாள் முழுக்க இல்லாத மனிதர்களோடு புழங்குகிறவருக்கு, இருக்கிற மனிதர் ஒருவர் வாசலில் நின்று பேசுவது அமிர்தமாக இருந்தது.

இருந்தும் கை சும்மா இருக்கவில்லை. மலைக் கணவாய்களில் காவலுக்கு ஒரு குலம் தேவைப்பட்டபோது 'வாசல்பிடியர்' பிறந்தார்கள். பாறையை ஒரு கையால் பிடித்து நிற்பார்கள். உட்கார மாட்டார்கள், போகவும் மாட்டார்கள். "கிளம்புகிறோம்" என்பார்கள், கிளம்ப மாட்டார்கள். அலுவலகத்தில் சோதனைக்கு விளையாடிப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளிப்பேர் ஒரே மூச்சில் வந்துவிட்டது. உள்பேர்தான் வரவில்லை. அந்த மனிதர் ஏன் நிற்கிறார் என்று குலகுருவுக்குத் தெரியாது. தெரியாததை இட்டுக்கட்ட மனம் வரவில்லை. வெளியீட்டு நாள் நெருங்கிவிட்டதால், பலகையின் கீழ் வரியில் ஒரு சின்னக் கோடு போட்டு அனுப்பினார். கோடு விழுந்த ஒரே குலம் அதுதான்.

மெக்கானிக்கின் மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் செல்பேசியில் விளையாடும்போது ஒரு காவல்காரனைத் தொட்டாள், "கிளம்புகிறோம், இன்னொன்று சொல்ல வேண்டும்" என்று அவன் சொன்னதும் சிரிப்பை அடக்க முடியாமல் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

மறுநாள் மெக்கானிக் குலகுருவின் வாசலுக்கு வந்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டு வீட்டுச் சாவிகளும் இரண்டு வீட்டிலும் கிடக்கும். "சார், உங்க சாவி" என்று நீட்டினார். 'தம்பி' என்ற சொல்லைக் காணோம். கையை நிலைமேல் வைக்கவில்லை. கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வாசலில் அவர் நின்ற மிகக் குறுகிய நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு வரவேயில்லை. குலகுருவுக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் ஆனால் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், பேனா மூடி நசுங்கித் தட்டையானது. கேலி செய்ததால் கோபம் என்றுதான் நினைத்தார். பெயரை மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பத் தயாராக இருந்தார். மெக்கானிக்கின் மனைவி மாடிப்படியில் இவர் மனைவியிடம் சொன்னது வேறு. "பேர் வச்சதுக்கு அவருக்கு வருத்தமில்ல. நாங்களே அப்படித்தான் கேலி பண்றோம். எல்லாருக்கும் ரெண்டு பேர் இருக்காமே, எங்களுக்கு மட்டும் கோடாம். நாங்க எங்களுக்குள்ள ஒண்ணுமே பேசிக்க மாட்டமான்னு கேக்கறாரு."

இதைக் கேட்டதும் குலகுரு செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்குப் போனார். மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து குலகுரு பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆள் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தார்.

"அண்ணே, உங்களுக்கு நீங்க யாருன்னு எனக்குத் தெரியல. கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

மெக்கானிக் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "லிஃப்ட்டு குழிக்குள்ள ஒருத்தன் எறங்கி வேலை பாப்பான். மேல நிக்கறவன் கதவப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். கதவு மூடுச்சுன்னா பொட்டி எறங்கிரும். உக்காரலாமா? கையதான் எடுக்கலாமா? பாதி ஆயுசு அப்படி நின்னாச்சு. இப்போ வீட்டுக்குள்ள ஒருத்தர் இருந்தாலே கை தானா போய் நிலையப் பிடிச்சுக்குது."

குலகுரு கேட்டார், அப்படிப் பிடித்து நிற்கிறவர்கள் தங்களுக்குள் ஏதாவது சொல்லிக்கொள்வார்களா என்று. "உனக்கே பல்லத் தேய்ச்சு தேய்ச்சுதான் வருதுங்கற. எனக்கு மட்டும் உடனே வந்துருமா?" என்றார் மெக்கானிக். 'உனக்கே' என்ற சொல்லைக் கேட்டதும் குலகுருவுக்குப் பாதி உயிர் திரும்பியது.

சில நாள் கழித்து அவரே கூப்பிட்டு அனுப்பினார். வேலை பார்க்கும் கூட்டாளிகளையும் கலந்து பேசியிருப்பார் போலும், முகத்தில் ஒரு பொறுப்பு தெரிந்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். வெளிப்பேர் ஊருக்கு, அது அப்படியே இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது. உள்பேர் அவர்களுக்கு. அதைக் கண்டவனும் தட்டிப் பார்க்கிற பலகையில் போடக் கூடாது. "தெரிஞ்சுக்கிட்டேன்னா நீயும் உள்ள வந்துட்டேன்னு அர்த்தம். வெளிய சொல்லக் கூடாது தம்பி." அப்புறம் குனிந்து காதில் சொன்னார். எத்தனையோ கூட்டங்களுக்குப் பெயர் வைத்த குலகுரு, ஒரு கூட்டத்தில் சேர்க்கப்பட்டது அன்றைக்குத்தான். போகும்போது தன் வீட்டுச் சாவியை மறுபடி அவர் மேசைமேல் வைத்தார். மெக்கானிக் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த பதிப்புக்கான வேலை தொடங்கியபோது குழுத்தலைவி இவர் மேசைக்கு வந்தார். வாசல்பிடியருக்கு உள்பேர் எங்கே என்று விளையாடுகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம், இந்தத் தடவை கோட்டை எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டாக வேண்டுமாம்.

"போடக் கூடாதுன்னுட்டாங்க மேடம்."

"யாரு?"

"வாசல்பிடியருங்க."

குழுத்தலைவிக்கு இவருடைய போக்கு தெரியும். பெருமூச்சு விட்டார். "அப்போ காலியாவே விடறதா?"

"காலியில்ல மேடம். இருக்கு. கொஞ்சம் நீளமான பேரு" என்றார் குலகுரு. விசைப்பலகைமேல் குனிந்து அந்தக் கோட்டைச் சற்று நீட்டினார். உதட்டுக்குள் எதையோ ஒருமுறை சொல்லிப் பார்த்து, இடம் போதாது என்று தோன்ற, இன்னும் ஒரு விரற்கடை நீட்டினார்.