சந்திரிகா பொட்டு வைத்த துப்பாக்கி

வெறும் விரலால் எஃகைத் தொடாதீர்கள் என்று சந்திரிகா சொல்லாத நாளில்லை. தபால்காரருக்குச் சொன்னாள், தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவருக்குச் சொன்னாள். நாற்பது வருடமாகத் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை முதலாளி கிரெக்குக்கே தினமும் இரண்டு தடவை சொன்னாள்.

“வேர்வையில உப்பு இருக்கு கிரெக். நாளைக்குக் காலையில உங்க கைரேகை அப்படியே துருவா நிக்கும். போலீசுக்கு வேலை மிச்சம்.”

கிரெக் கையுறையைத் தேடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, அந்தக் கையாலேயே பிஸ்கட்டை எடுப்பார்.

கோயம்புத்தூர் பாலிடெக்னிக்கில் உலோக அச்சுக்கருவி (டூல் அண்ட் டை) செய்யப் படித்தவள் சந்திரிகா. கணவர் நரசிம்மனுக்குக் கணினி வேலை கிடைத்ததால் மெல்போர்னுக்கு வந்தாள். கிளேட்டனில் பம்பு உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடம் லேத் ஓட்டினாள். அதை மூடியபோது, ‘ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்வரை பொறுமையாகக் கடையத் தெரிந்தவர் தேவை’ என்றொரு விளம்பரம் கண்ணில் பட்டது. என்ன கடை என்று அதில் இல்லை. நேர்காணலுக்குப் போன பிறகுதான் சுவரில் சங்கிலி போட்டு வரிசையாக நின்ற துப்பாக்கிகளைப் பார்த்தாள். பாலிடெக்னிக்கில் என்.சி.சி.யில் இருந்தபோது பாயின்ட் டூ-டூ துப்பாக்கியால் சுட்டதும், சுட்ட பிறகு கிடைத்த பூரிக்கிழங்கும் ஞாபகம் வந்தன. சரி என்றுவிட்டாள்.

உரிமத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த மாதங்களில் நரசிம்மன் எடை குறைந்தார். “ஃபார்ம்ல ஒரு எழுத்து தப்பாப் போனாலும் விசாவுக்கு ஏதாவது ஆயிருமோ?” என்று நாளுக்கொரு தடவை கேட்டார். பக்கத்து வீட்டு விமலாவின் கவலை வேறு மாதிரி. “துவக்கோ? துவக்குச் சத்தம் இல்லாத ஊரெண்டுதானே நான் யாழ்ப்பாணத்தில இருந்து இஞ்ச வந்தனான்!”

“இது பெரிய சத்தமில்லக்கா. அதுக்குத்தான் எங்க கடையே இருக்குது” என்றாள் சந்திரிகா.

அவள் சொன்னது உண்மை. உலகப் போர்க் காலத்து ‘த்ரீ-நாட்-த்ரீ’ ரகத் துப்பாக்கிகள் கனமானவை. சுட்டால் தோளில் கழுதை உதைத்தது போலிருக்கும். அவற்றின் குண்டுகளோ விலை கூடியவை. அவற்றைச் சிறிய குண்டு சுடும்படி மாற்றி, மரத்தையும் இரும்பையும் பழைய அழகுக்குக் கொண்டுவருவதுதான் அந்தக் கடையின் சிறப்பு. மாற்றியபின் தோற்றம் அதே சிப்பாய்த் துப்பாக்கி. சத்தம் கதவைச் சற்று ஓங்கிச் சாத்தியது போல.

டொரத்தி என்ற ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அந்தப் பக்கத்துத் துப்பாக்கிக் கழகத்தின் தலைவி. வயது எழுபத்தாறு. கழகத்திடம் இருந்த ஏழு பழைய துப்பாக்கிகளையும் மாற்றித் தரச் சொல்லிக் கடைக்கு வந்தார். வேலையைச் செய்யப்போவது சந்திரிகா என்று கிரெக் சொன்னதும், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

“ஒன்றை மட்டும் செய்யட்டும். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை போட்டி, அதற்கு முந்தின நாள் வந்து பார்ப்பேன். குறை இருந்தால் மற்ற ஆறும் பென்டிகோவுக்குப் போகும். அந்த ஊரில் இதே வேலை செய்கிறவர் ஒருவர் இருக்கிறார்.”

அந்த ஒன்றை முழுக்க முழுக்கத் தன் கையால் செய்தாள் சந்திரிகா. கிரெக் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. முன்பெல்லாம் அவர் முடித்த வேலையில் அவள் கை பாதி இருக்கும், பெயர் இருக்காது. இந்த ஏழும் கிடைத்தால் அவளும் இந்தத் தொழிலில் ஓர் ஆள். கடைசியாக எஃகுக்குக் கருநீல மெருகேற்றினாள். மருந்து தடவி, வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் முக்கி, மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்து, திரும்பவும் முதலிலிருந்து. ஏழு சுற்று, எட்டு நாள். மழை நின்ற வானம்போல் வந்தது நிறம். ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் திடலில் சுட்டுப் பார்த்தபோது ஐந்து குண்டும் பத்து சென்ட் நாணயத்துக்குள் அடங்கின.

புதன்கிழமை ஆயுத பூஜை.

பம்புத் தொழிற்சாலையில் அதைக் கொண்டாட விட்டதில்லை. இங்கே கிரெக், “சாப்பிட ஏதாவது உண்டா?” என்று மட்டும் கேட்டார். லேத்துக்கு மாலை போட்டாள். அரங்களையும் சுத்தியல்களையும் துடைத்து வரிசையாக வைத்தாள். கடைசியில் டொரத்தியின் துப்பாக்கியை எடுத்தாள். அதன் எஃகு உடலில் சந்தனம் வைத்தால் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போனது. பொட்டு நிற்காமல் பூஜையா? எண்ணெயைத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். ஈரச் சந்தனத்தில் மூன்று பொட்டு, மேலே குங்குமம். கிரெக் இரண்டு கைநிறையப் பொரிகடலையை அள்ளிக்கொண்டார். அன்று கருவியைத் தொடக்கூடாது, மறுநாள் பூஜைக்குப் பிறகுதான் எடுக்கவேண்டும் என்பது அவள் வழக்கம். துப்பாக்கியை இரும்புப் பெட்டகத்துக்கு வெளியே விடக்கூடாது என்பது சட்டம். இரண்டையும் மீறாமல் பொட்டோடு பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை பொட்டை அழித்தாள். குங்குமம் போனது. சிவப்பு போகவில்லை.

திரும்பத் துடைத்தாள். எண்ணெய் இல்லாத எஃகில் ராத்திரி முழுக்க ஈரச் சந்தனம். மெருகைத் தின்றுவிட்டு, வட்டமாக, அழகாக, மூன்று துருப்புள்ளி.

“வேர்வையில உப்பு இருக்கு” என்றார் பின்னாலிருந்து கிரெக், அவள் குரலிலேயே.

“சிரிக்காதீங்க கிரெக்! திரும்ப ஏத்தணும்னா எட்டு நாள். இன்னிக்கு வியாழன்!”

அழுகை வரும்போல் இருந்தது. நரசிம்மனுக்குப் போன் போட்டாள். “சட்டப்படி ஒண்ணும் தப்பில்லையே?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். வைத்துவிட்டாள்.

கிரெக் தாடையைச் சொறிந்தார். “இதோ பார். எண்பது வயசுத் துப்பாக்கி. எப்போதோ துரு அரித்த பழைய குழி என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றிலும் இருப்பதுதான். யாரும் கேட்கமாட்டார்கள்.”

பதில் சொல்வதற்குள் கதவு மணி அடித்தது. வெள்ளிக்கிழமை வரவேண்டிய டொரத்தி, சைக்கிள் தலைக்கவசத்தோடு உள்ளே வந்தார். வசந்தகாலத்தில் தலையைக் கொத்த வரும் மாக்பை பறவையை விரட்டக் கவசத்தின் மேலே பிளாஸ்டிக் குச்சிகள் முள்ளம்பன்றி போல நீட்டிக்கொண்டிருந்தன.

துப்பாக்கி காலியா என்று முதலில் பார்த்தார். பிறகு தோளில் வைத்தார், இறக்கினார், மரத்தை மோந்தார், குறி அட்டையிலிருந்த ஐந்து துளைகளை விரலால் அளந்தார். “ம்” என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

“இது என்ன, மூன்று?”

“பழைய குழி, டொரத்தி. போர்க்காலத்து...” என்று ஆரம்பித்தார் கிரெக்.

“குழி இல்லை” என்றாள் சந்திரிகா. “நேற்று நான் செய்தது.”

எல்லாவற்றையும் சொன்னாள். பூஜை, சந்தனம், வழுக்கிய எண்ணெய், அதைத் துடைத்த துணி.

டொரத்தி நிதானமாகக் கேட்டார். “துப்பாக்கியைக் கும்பிட்டாயா?”

“எனக்குச் சோறு போடும் கருவிகள் எல்லாவற்றையும்தான். லேத்தையும் கும்பிட்டேன். கிரெக்கின் காபி மெஷினையும்.”

“அதற்கும் பொட்டா?”

“ஆமா. அது துருப்பிடிக்கவில்லை.”

டொரத்தியின் வாயோரம் ஒரு தடவை துடித்தது. பிறகு அவர் கிரெக்கின் பக்கம் திரும்பினார். “எண்பத்தொன்பதாம் வருடம் நீ பழுது பார்த்துத் தந்த என் துப்பாக்கியில் ஒரு கறை இருந்தது. பழைய குழி என்றாய். மீனும் சிப்ஸும் சாப்பிட்ட கையோடு வினிகர்ப் பாட்டிலை அதன்மேல் வைத்திருக்கிறாய். பாட்டிலின் அடி வட்டம் முழுசாக இருந்தது கிரெக். நான் கணக்கு டீச்சர். விட்டத்தை அளந்து பார்த்தேன்.”

கிரெக் கூரையைப் பார்த்தார். டொரத்தி சந்திரிகாவின் பக்கம் திரும்பினார்.

“சனிக்கிழமை போட்டிக்கு இதை எடுத்துப் போகிறேன். சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை. யார் கேட்டாலும் பொட்டு வைத்தது யாரென்று சொல்வேன். அது உனக்குத் தண்டனை. திங்கட்கிழமை மற்ற ஆறோடு இதுவும் வரும். எட்டு நாள் எடுத்துக்கொள். பத்தும் எடுத்துக்கொள். ஆனால் என்ன நடந்தாலும், இப்போது சொன்ன மாதிரி நீயே சொல்லவேண்டும்.”

சந்திரிகா தலையாட்டினாள். டொரத்தி போட வேண்டிய கையெழுத்துகளைப் போட்டு, துப்பாக்கியை அடுத்த நாள் வேனில் வந்து எடுப்பதாகச் சொல்லி, முள்ளம்பன்றிக் கவசத்தை மாட்டிக்கொண்டு போனார்.

கிரெக் மிச்சமிருந்த பொரியைக் கொறித்தார்.

“அப்பவே தெரியுமா அவளுக்கு?”

“தெரிஞ்சும் முப்பத்தாறு வருஷமா உங்ககிட்டதானே வந்தாங்க” என்றாள் சந்திரிகா.

அவர் எழுந்து ஜன்னலோரப் பெரிய மேஜைக்குப் போனார். அதன் பாதியில் கிடந்த தன் சாமான்களை ஒவ்வொன்றாக மறுபக்கம் தள்ள ஆரம்பித்தார்.

“என்ன பண்றீங்க?”

“ஏழு துப்பாக்கிக்கு உன்னுடைய அந்த மூலை போதாது. இந்தப் பக்கத்தைப் பிடி, கனமாக இருக்கிறது.”

மேஜைமேல் இருந்த வைஸ் எனும் இரும்புப் பிடிப்பானை இரண்டு பேருமாகத் தூக்கி நகர்த்தினார்கள். கிரெக் கையுறை போடவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.