கறுப்புக் கரை

பல்கலைக்கழக நூலகத்தில், விக்டோரியா காலத்து எழுத்தாளர் ஒருவரின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மகள் இறந்ததைத் தங்கைக்கு எழுதியிருந்தார். உறையைச் சுற்றிலும், உள்ளே சாவுச் செய்தி என்று முன்பே சொல்லும் கறுப்புக் கரை. ஆனால் அடுத்த வரியிலேயே கூரை ஒழுக்கும் சமையற்காரியின் தடிமன் காய்ச்சலும் வந்துவிட்டன. 

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த பார்க்டேலில் எங்களுக்கு வந்த கடிதங்களில் அப்படிக் கரை இருக்கவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்த ஊரில் பெரிய மாமா சொல்லச் சொல்ல யாரோ எழுதியவை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எட்டு வயதில் நான்தான் வாசித்துக் காட்டுவேன். பெருமைதான், ஆனால் பயம். சாவு எந்த வரியில் இருக்குமோ என்று, வாய் ஒரு வரியை வாசிக்கும்போதே கண் அடுத்த வரிக்கு ஓடும்.

ஒருநாள், "மாடு கன்று போட்டிருக்கிறது" என்று வாசிக்கையில் அம்மாவின் தம்பி, சின்ன மாமாவின் பெயரைக் கண்டேன். பக்கத்தில் 'ஷெல் விழுந்து' என்றிருந்தது. குரல் நின்றுவிட்டது.

மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். "என்னடி, படிச்ச பிள்ளைக்கு எழுத்து விளங்கேல்லையோ?"

"விளங்குது அம்மா."

அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து, என் பக்கத்தில் தரையில் இருந்தார்.

"இப்ப வாசி."